டெய்லரக்கா தைத்த வழி

டெய்லரக்காவின் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இப்போதெல்லாம் துணி கொண்டு வருவதில்லை. வழி கொண்டு வருகிறார்கள். "எங்க வீட்ல இருந்து மார்க்கெட் வரைக்கும்க்கா, நடுவுல ஒரு பெரிய ரோடு தாண்டணும்" என்று வந்து நிற்பார்கள். டெய்லரக்கா கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவிக்கொண்டே, "தாண்டுற இடத்துல சிக்னல் இருக்கா, இல்ல கடவுள் விட்ட வழியா?" என்று கேட்பாள். பிறகு நேரில் போய் அளவெடுப்பாள். சட்டைக்குத் தோளும் கையும் எப்படியோ, அப்படி அவளுக்குத் தெருவும் திருப்பமும்.

வரைபடம் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்குகிற சமாச்சாரம் என்று நினைக்கிறவர்கள் அவள் தைப்பதை ஒரு முறை தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டாம், தொட்டாலே போதும். காலருக்கு உள்ளே வைக்கிற விறைப்பான கேன்வாஸ் துணியில், தெரு என்பது தடித்த நூலில் மேடாக ஓடும். கதவு வந்தால் பட்டன். படிக்கட்டு வந்தால் வளைவு வளைவான லேஸ். ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடம் என்றால் ஜிப்பின் பல். விரலை வைத்தால் போதும், விரல் தானாகவே நடந்து போய்விடும்.

கண் தெரியாதவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைத்தால் அதுவும் தப்பு. மறதி வந்துவிட்ட அப்பாவுக்காக ஒரு மகள், கட்டிலிலிருந்து பாத்ரூம் வரைக்குமான வழியைத் தலையணை உறையின் ஓரத்தில் தைத்து வாங்கிப் போனாள். ஓய்வுபெற்ற மனுஷர் ஒருவர், வெளிநாட்டில் இருக்கும் மகனின் அறையிலிருந்து அவன் ஆபீஸ் வரைக்குமான தெருக்களைச் செல்போனில் காட்டித் தைக்கச் சொன்னார். மகன் நடந்துகொண்டே பேசுவான், இவர் இங்கே விரலை நகர்த்திக்கொண்டே கேட்பார். "இப்ப பாலத்துக்கிட்ட வந்திருப்பியே?" என்று ஒருநாள் கேட்டதும் பையன் ஆடிப்போய்விட்டானாம். புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியோ, மாமியாரின் சமையலறை அலமாரியில் எந்த டப்பா எங்கே இருக்கிறது என்பதைத் தன் ஏப்ரனின் உள்பக்கத்தில் தைத்துத் தரச் சொன்னாள். டெய்லரக்கா அதையும் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. அந்தக் கஷ்டம் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் பள்ளிக்கூடத்தில் வரைபடம் என்றாலே அவளுக்கு எட்டிக்காய். கடற்கரையை எல்லாம் பாவாடை ஃப்ரில் மாதிரி வரைந்து வைத்து வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படிப்பட்டவளைப் பல வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு இழுத்து விட்டது அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் என்றால் வீட்டுக்காரரின் தங்கை. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தவள். கல்யாணம் வேண்டாம் என்று தனியே வீடெடுத்து இருந்தவள். யாருக்கும் பயப்படாத வாய். நடுவயதில் ஒரு நோய் வந்து, கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, வாயை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அண்ணன், அதாவது டெய்லரக்காவின் வீட்டுக்காரர், எலெக்ட்ரீஷியன். உயிரோடு இருக்கிற ஒயரை வெறும் கையால் தொடுகிற மனுஷர், தங்கச்சி விஷயத்தில் மட்டும் தொடை நடுங்கி. அடுப்பருகே போகாதே, கேட்டைத் திறக்காதே, படியில் இறங்காதே. பஞ்சில் பொதிந்து வைக்காத குறைதான். எங்கேயாவது போக வேண்டும் என்றால் அவளுடைய கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "பள்ளம், கல்லு, சைக்கிள், பள்ளம்" என்று வாய் ஓயாமல் ஒப்பித்துக்கொண்டே கூட்டிப் போவார். போய்த் திரும்பியதும் இரண்டு பேருமே ஒரு போர் முடிந்து வந்தவர்கள் போல உட்கார்ந்துவிடுவார்கள்.

மற்ற நேரமெல்லாம் நாத்தனார் முன்னறையில், தையல் கடையில்தான் இருப்பாள். மூலையில் ஒரு நாற்காலி. அங்கே உட்கார்ந்துகொண்டு கடையையே ஆட்டி வைத்தாள். "அண்ணி, மெஷினுக்கு எண்ணெய் விடுங்க, இருமுது" என்பாள். வாடிக்கைக்காரி ஒருத்தி இடுப்பளவு சொன்னால், "அது போன வருஷத்து அளவுங்க. பெஞ்சு இப்ப வேற மாதிரி சத்தம் போட்டுச்சு" என்று அவள் முகத்துக்கு நேரே சொல்வாள். டெய்லரக்காவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு, வெளியே தலைவலி. இவளுக்கு ஒரு வேலை கிடைத்தால் நல்லது என்று அவள் நினைத்ததில் பாதி பாசம், பாதி தன் பிழைப்பைப் பற்றிய கவலை. அதை அவள் மறைத்ததும் இல்லை.

வேலை வந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். வருகிற போனை எடுத்து, எந்த வார்டு, எந்த டாக்டர் என்று கேட்டு இணைப்புக் கொடுக்க வேண்டும். குரலைக் கேட்டே ஆளை எடை போடுகிறவளுக்கு அளவெடுத்துத் தைத்த வேலை. கேட்டுக்குப் பக்கத்திலிருந்த அலுவலக அறையில்தான் நேர்முகம் நடந்தது. ஆஸ்பத்திரி மேலாளர் அம்மா நியாயமானவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"கண்ணு தெரியலைங்கறது எனக்கு ஒரு பிரச்சினையே இல்லம்மா. ஆனா கேட்ல இருந்து போன் ரூமுக்கு நீங்களா வந்துடணும். தினமும் ஒருத்தர் கொண்டாந்து விடணும்னா, அவர் வராத அன்னைக்கு என் போனை யார் எடுக்கறது? திங்கக்கிழமை காலைல ஷிப்ட் மாறும்போது நீங்களா வந்து நாற்காலில உக்காந்துட்டீங்கன்னா வேலை உங்களுக்கு. இல்லன்னா காத்திருக்கறவங்கள்ல அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் ஒற்றைக் காலில் நின்றார். "அவ்வளவு பெரிய கட்டடம். ஸ்ட்ரெச்சர் ஓடும், டிராலி ஓடும். ஒண்ணும் வேணாம். நான் உசுரோட இருக்கறப்ப உனக்கு எதுக்கு வேலை?"

"நீ உசுரோட இருக்கறது உன் வேலைண்ணா. எனக்கு என் வேலை வேணும்" என்றாள் தங்கை. அவர் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு போய்விட்டார்.

டெய்லரக்கா மெதுவாகக் கேட்டாள். "நாம ரெண்டு பேரும் போயி ஒரு தடவை நடந்து பாத்துட்டு வந்துடலாமா?"

நாத்தனார் தலையை ஆட்டினாள். "வேணாம் அண்ணி. உங்க கையப் பிடிச்சா உங்க கைதான் எனக்குத் தெரியும், வழி தெரியாது. அண்ணனோட நடந்து நடந்து நான் அப்படி ஆயிட்டேன்." அவள் மடியில் டெய்லரக்கா அன்று முடித்த கவுன் ஒன்று கிடந்தது. கழுத்தோரம் தடித்த நூலில் பூக்கொடி. அதை அவள் விரல் தடவிக்கொண்டிருந்தது. "இது இங்க வளையுது. இங்க ஒரு இலை. இங்க ரெண்டாப் பிரியுது. இத எப்படி நீங்க தைச்சீங்களோ, அப்படி அந்த ஆஸ்பத்திரிய எனக்குத் தைச்சுக் குடுங்களேன். எனக்கு வழியக் குடுங்க அண்ணி. கையக் குடுக்காதீங்க."

அடுத்த நாளே டெய்லரக்கா வீட்டுக்காரரிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கேட்டிலிருந்து டேப்பை விரித்து அளக்க ஆரம்பித்தவளைக் காவலாளி மறித்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரிக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. கழுத்தளவு எடுக்கணும், ஏணி இருக்கா?" என்றாள் டெய்லரக்கா. சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் பெரிய ஹால். ஹாலுக்கு வலப்பக்கம் ஒரு சாய்தளம், ஒரு வளைவு, பிறகு நீண்ட நடை, வரிசையாகக் கதவுகள், கடைசிக் கதவு போன் ரூம். இடப்பக்கமும் அதேபோல ஒரு சாய்தளம், ஒரு வளைவு, ஒரு நடை. கட்டினவர் காகிதத்தை இரண்டாக மடித்து வைத்து ஒரே வெட்டில் வெட்டியிருப்பார் போல என்று டெய்லரக்கா நினைத்துக்கொண்டாள். இடப்பக்கக் கதவுகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை.

தைக்க உட்கார்ந்தாள். இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். தடித்த நூல் ஊசிக் காதில் நுழையாது. அதனால் அதைக் கீழே இருக்கிற பாபினில் சுற்றிவிட்டு, துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் கோடு வரைந்து அதன் மேல் தைப்பார்கள். ஊசி நூல் மெல்லிசாகப் பின்பக்கம் ஓடும். தடித்த நூல் அடியில், நல்ல பக்கத்தில் மேடாக விழும். முடித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தால் பூக்கொடி தயார். டெய்லரக்காவின் கைக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. எத்தனை கழுத்துக்கு, எத்தனை கைக்கு அவள் இப்படிக் கொடி ஓட்டியிருப்பாள்! அதே கைப்பழக்கத்தில் ஆஸ்பத்திரியையும் ஓட்டினாள். திருப்பினாள். நல்ல பக்கத்தில் கோடுகள் முடிகிற இடமெல்லாம் பட்டன் வைத்தாள். சாய்தளத்துக்கு லேஸ் வைத்தாள், ஹாலுக்கு ஒரு பெரிய ஹூக் வைத்தாள்.

நாத்தனார் அதை மடியில் போட்டுக்கொண்டு விரலால் படித்தாள். "கேட்டு. நேரா, நேரா. ஹூக், ஹாலு. இப்படித் திரும்பணும். லேசு, சாய்வா இறங்குது. வளைவு. பட்டன், பட்டன், பட்டன். கடைசி பட்டன் நான்." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண் போனதிலிருந்து அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை. டெய்லரக்கா கூடவே உட்கார்ந்து திருப்பம் சரியா, கதவு சரியா என்று பார்த்தாள். எல்லாம் சரி. இடது, வலது என்ற பேச்சு மட்டும் இருவர் வாயிலும் வரவில்லை. விரல் போகிற பக்கம் கால் போகப் போகிறது, அவ்வளவுதானே.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி ஊழியர் பஸ் தெருமுனையில் வந்து நின்றது. நாத்தனார் ஒரு கையில் வெள்ளைக் கோல், தோள்பையில் வரைபடத் துணி என்று ஏறிப் போனாள். பின்னால் வரக் கூடாது என்று அண்ணனிடம் சண்டை போட்டுச் சத்தியம் வாங்கியிருந்தாள். அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கடை வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

டெய்லரக்கா மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு குழந்தையின் பள்ளிப்பையில் பெயரின் முதல் எழுத்தைத் தடித்த நூலில் போட்டுக் கொடுக்க வேண்டும். துணியைக் கவிழ்த்துப் போட்டாள். சாக்கட்டியை எடுத்தாள். எழுத்தைத் திருப்பி வரைந்தாள், கண்ணாடியில் தெரிகிற மாதிரி. பின்பக்கம் திருப்பி வரைந்தால்தான் நல்ல பக்கத்தில் நேராக விழும். இது அரிச்சுவடி. எழுத்தென்றால் அவள் கை தானாகவே திருப்பி வரைந்துவிடும். பூக்கொடிக்குத்தான் அந்தக் கவலை கிடையாது. கொடி எந்தப் பக்கம் படர்ந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

சாக்கட்டி கையிலேயே நின்றுவிட்டது. எழுத்தைத் திருப்பினேன். ஆஸ்பத்திரியைத் திருப்பினேனா?

ஆஸ்பத்திரியைக் கொடி மாதிரி ஓட்டியிருக்கிறாள். வலது இடதாகிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன கட்டடமோ மடித்து வெட்டிய கட்டடம். தப்பான பக்கம் போனாலும் சாய்தளம் வரும், வளைவு வரும், கதவுகள் வரிசையாக வரும். தப்பென்று தெரியவே தெரியாது.

"ஏங்க! வண்டிய எடுங்க!"

ஸ்கூட்டரில் போகும்போதே விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வெடித்தார். "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா? ஒரு குருட்டுப் பொண்ண அனுப்பி வெச்சிருக்கீங்களே, எங்க போய் முட்டிக்கிட்டு நிக்கறாளோ! இன்னையோட சரி. இனிமே வாசப்படி தாண்ட விடமாட்டேன்." தப்பு டெய்லரக்காவுடையது. ஆனால் அவளுக்குப் பயமாக இருந்தது நாத்தனார் முட்டிக்கொள்வாளே என்பதில்லை. இன்றைக்கு இந்த வேலை போனால் அவளுக்கு மறுபடி ஒரு திங்கட்கிழமை கிடைக்காது, இந்த மனுஷர் கிடைக்க விடமாட்டார், அதுதான்.

ஆஸ்பத்திரி ஹாலில் நுழைந்ததும் வீட்டுக்காரர் நாலா பக்கமும் தேடினார். டெய்லரக்கா தேடவில்லை. தன் தப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். நேராக இடப்பக்கம் திரும்பினாள். சாய்தளம். வளைவு. கதவு, கதவு, கதவு. கடைசிக் கதவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். பிணவறை.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார் அந்த அறையின் ஊழியர்.

"இங்க கண்ணு தெரியாத ஒரு பொம்பளை வந்தாங்களா?"

"உசுரோடயா?" என்று கேட்டார் அவர். பிறகு இவர்கள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனார். "வந்தாங்க, வந்தாங்க. கோலத் தட்டிக்கிட்டு நேரா வந்து, 'நான் புது ஆபரேட்டர், என் நாற்காலி எங்க?'ன்னு கேட்டாங்க. நான் இத்தனை வருஷமா இங்க இருக்கேம்மா. தானா நடந்து வந்த முதல் ஆள் அவங்கதான். இது என்ன ரூமுன்னு சொன்னேன்."

"பயந்துட்டாளா?" என்றார் வீட்டுக்காரர்.

"எங்க பயந்தாங்க! சிரிச்சாங்க. அப்புறம் பையில இருந்து ஒரு துணிய எடுத்துத் தடவிப் பாத்தாங்க. இப்படி அப்படித் திருப்பினாங்க. 'போன் ரூம் ஹாலுக்கு எந்தப் பக்கம்?'னாங்க. கேட்ல இருந்து வந்தா வலப்பக்கம்னேன். 'அப்படிச் சொல்லுங்க, அண்ணி கவிழ்த்துப் போட்டுத் தைச்சிருக்காங்க'ன்னு சொல்லிட்டு, துணியோட பின்பக்கத்துல விரல வெச்சுக்கிட்டாங்க. நான் கொண்டுபோய் விடறேம்மான்னு கையப் பிடிச்சேன். என் கைய எடுத்து ஸ்டூல் மேல வெச்சுட்டு, 'நீங்க உங்க ஆளுங்களப் பாத்துக்கோங்க'ன்னு போயிட்டாங்க."

பின்பக்கம்! டெய்லரக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். பின்பக்கத்தில்தான் கோடு நேராக இருக்கிறது. மெல்லிய ஊசி நூல்தான், மேடு அதிகம் இராது. பட்டன் வைத்த இடத்தில் முடிச்சு மட்டும் தட்டுப்படும். அதைக்கொண்டா போயிருக்கிறாள்? பதினெட்டு வயதிலிருந்து துணியோடு கிடக்கிற தன் விரலுக்கே அது கஷ்டமாயிற்றே! அவள் தப்பாகத் தைத்ததை நாத்தனார் பிணவறை வாசலில் நின்று, யாருடைய கையும் பிடிக்காமல், சரியாகப் படித்திருக்கிறாள். டெய்லரக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தன் தையல் மேல் இருந்த பெருமை எல்லாம் போய், அந்த விரல் மேல் அதைவிடப் பெரிய பெருமை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் போய்ச் சேர்ந்தாளா?

வீட்டுக்காரர் அதற்குள் வலப்பக்கம் ஓட ஆரம்பித்திருந்தார். ஹாலில் எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். அது அவள் தைத்த காலர், கிழியாது.

"எங்க போறீங்க?"

"அவள இட்டாரப் போறேன்."

"நீங்க அந்த ரூமுக்குள்ள காலை வெச்சீங்கன்னா, அண்ணன்காரன் வந்துட்டான், அண்ணன்தான் கொண்டாந்து விட்டிருக்கான்னு சொல்லுவாங்க. அவ வேலை போயிரும்."

"அவ அங்க போய்ச் சேந்தாளான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அது நியாயம்தான். டெய்லரக்காவுக்கும் தெரிய வேண்டும். சுற்றிப் பார்த்தாள். ஹாலின் நடுவே விசாரணை மேசை, அதன் ஓரத்தில் நோயாளிகளின் சொந்தக்காரர்கள் பேசுவதற்கென்று ஒரு போன். பூஜ்யத்தைச் சுழற்றினால் ஆபரேட்டர். பேசுவதற்கு இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள். இவர்களும் நின்றார்கள். முறை வந்ததும் வீட்டுக்காரர் ரிசீவரை எடுத்து, பூஜ்யத்தைச் சுழற்றினார். டெய்லரக்கா தன் காதையும் ரிசீவரோடு ஒட்டிக்கொண்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"வணக்கம், ஆபரேட்டர். யாரு வேணும், சொல்லுங்க."

அந்தக் குரல்! பழைய டைப்பிஸ்ட் குரல், கறாரும் கம்பீரமுமாக. வீட்டில் மூலை நாற்காலியில் இருக்கும்போது அந்தக் குரலில் கிண்டல் இருந்ததே தவிர இந்த நிமிர்வு இருந்ததில்லை. வீட்டுக்காரர் கண்ணில் மளமளவென்று தண்ணீர் இறங்கியது.

"ஹலோ, சொல்லுங்க."

"இல்ல... ராங் நம்பர்" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அந்த மூக்குறிஞ்சல் போதும் அவளுக்கு.

"அண்ணா, உள்போன்ல ராங் நம்பர் வராது. நான் வந்து உக்காந்துட்டேன். மேலாளர் அம்மா பாத்துட்டுப் போயிட்டாங்க. இப்ப போன வை, லைன்ல ஆள் காத்திருக்காங்க."

டக்கென்று இணைப்பு அறுந்தது. வீட்டுக்காரர் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அதை மெல்லக் கீழே வைத்துவிட்டு, பின்னால் முறைக்காக நின்றிருந்த முன்பின் தெரியாத மனிதரிடம் திரும்பினார். முகம் நனைந்திருந்தது, நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"என் தங்கச்சி சார்" என்றார். "எனக்கே போன வெச்சுட்டா."